அரண்மனைக்குள் ஒரு தவறணை: காசா டு அலென்தேஜுவில் ஏழு வருசம்

முதல் நாள் நான் அந்த வாசலைக் கவனிக்காமல் மூன்று தடவை கடந்து போனேன். லிஸ்பனில் ரொசியு சதுக்கத்துக்குப் பக்கத்தில், ருவா டாஸ் போர்ட்டாஸ் டெ சான்டு அன்டாவ் என்று வாய் நிறையப் பெயர் வைத்த தெரு. இரண்டு பக்கமும் சாப்பாட்டுக் கடைகள். வாசலில் மெனுவை விரித்துப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கூப்பிடும் ஆட்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில் 58ஆம் இலக்கக் கட்டடமான காசா டு அலென்தேஜு ஏதோ பழைய கந்தோர் மாதிரி சும்மா நிற்கும். உள்ளே போய்ப் படியேறினால்தான் விசயம் தெரியும்.

படி முடிகிற இடத்தில் ஒரு அரபு முற்றம். குதிரை லாட வளைவுகள், பின்னல் வேலை போலச் செதுக்கிய சுவர், மேலே கண்ணாடிக் கூரையால் இறங்குகிற வெளிச்சம். வேலை முடிந்து, சலவைத்தூள் மணக்கிற சட்டையோடு போனவன் நான். பிழையான இடத்துக்கு வந்துவிட்டேன் என்று திரும்பப் பார்த்தேன். அப்போதுதான் ஒரு பக்கமாக ‘தபெர்னா’ என்ற பலகை கண்ணில் பட்டது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு அந்தச் சொல்லை யாரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை. கள்ளுத் தவறணை! அரண்மனைக்குள் தவறணை வைத்திருக்கிறார்கள் என்றால் நமக்கும் ஒரு கதிரை இருக்கும் என்று உள்ளே போய்விட்டேன். கதிரையும் அவர்கள் சொல்தான்.

அது 2018. அதன் பிறகு கொரோனா மூடல் காலத்தைத் தவிர, மாதம் ஒரு தடவையாவது போய் வருகிறேன். பக்கத்தில் ஒரு ஹோட்டலில் எனக்கு வேலை. அதனால் இது சுற்றுலா வந்து ஒரு நாள் சாப்பிட்டவனின் குறிப்பு இல்லை.

கட்டடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே ஒரு வருசம் பிழையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த முற்றம், வட ஆபிரிக்காவிலிருந்து வந்து இந்தப் பக்கத்தை ஆண்ட முஸ்லிம்களான மூர்கள் காலத்தது என்று வந்தவர் போனவருக்கெல்லாம் பெருமையாகக் காட்டியிருக்கிறேன். லிஸ்பன் மூர்களின் கையை விட்டுப் போனது 1147இல். முற்றம் அதற்கு எழுநூற்றைம்பது வருசத்துக்கு மேல் பிந்தியது. 17ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றை, 1917க்கும் 1919க்கும் இடையில் மஜெஸ்டிக் கிளப் என்ற ஆடம்பரச் சூதாட்ட விடுதியாக மாற்றினார்கள். காசு வைத்து ஆட வருகிறவனை மயக்குவதற்காகப் போட்ட வேசம்தான் அந்த அரபு அலங்காரம். உண்மை தெரிந்த பிறகு எனக்கு அது இன்னும் பிடித்துப்போனது. மேல்மாடியில் கண்ணாடிகளும் சரவிளக்கும் வைத்த நடன மண்டபம் இருக்கிறது. சாப்பாட்டு அறைகளின் சுவரில் நீல வெள்ளைப் பீங்கான் ஓடுகள். இங்கே ஓட்டு ஓவியம் செய்தவர்களில் ஒருவர் ஜோர்ஜ் கொலாசு. போர்ட்டோ நகரில் சாவ் பென்டு ரயில் நிலையத்தின் சுவர்களில் ஏறக்குறைய 20,000 ஓடுகளில் சரித்திரக் காட்சிகளைத் தீட்டினவர் அவர்தான்.

சூதாட்டம் போய், 1932இல் கட்டடம் ஒரு சங்கத்தின் கைக்கு வந்தது. இந்த இடத்தைப் புரிந்துகொள்ள இதுதான் திறப்பு. எனக்குப் புரியவே இரண்டு வருசம் பிடித்தது. இது ஒரு உணவகம் இல்லை. ஊர்ச்சங்கம்.

லிஸ்பன் ஓரமாக ஓடுகிற டெஜு ஆற்றுக்கு அப்பால் என்பதுதான் ‘அலென்தேஜு’ என்ற பெயரின் பொருள். போர்த்துக்கலின் தென்பாதியில் விரிந்து கிடக்கிற வெயில் காட்டு நிலம். நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது, ஆனால் சனம் குறைவு. கோதுமை வயல், ஒலிவ் மரம், தக்கை உரிக்கிற ஓக் மரம். நிலமெல்லாம் ஒரு சில பெரிய முதலாளிகளிடம் இருந்ததால் கூலிக்கு அறுவடை செய்தவர்கள் வேலை தேடி லிஸ்பனுக்கும் எதிர்க்கரையில் இருக்கிற பரெய்ரு, அல்மாடா பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் வந்தார்கள். லிஸ்பனில் இருந்த அலென்தேஜுக்காரர் 1923இல் தொடங்கிய சங்கம்தான் இது. வாசிகசாலை, கூட்டம், ஞாயிறு பின்னேர நடனம், ஊர்ப் பாட்டு, ஊர்ச் சாப்பாடு. டொரொன்டோவிலோ லண்டனிலோ எங்கள் ஆட்கள் ஊர்ப் பெயரில் மண்டபம் எடுத்து ஒன்றுகூடல் வைக்கிறார்களே, அதே சங்கதிதான். என்ன, இவர்களுக்கு வாய்த்த மண்டபம் அரண்மனை.

அதனால் இங்கே நட்சத்திர உணவகத்துப் பரிமாறலை எதிர்பார்க்க வேண்டாம். வயதான உறுப்பினர்கள் வந்து கோப்பியோடு பேப்பர் படிப்பார்கள், நாங்கள் ஒரு பக்கமாக இருந்து சாப்பிடுவோம். அவ்வளவுதான்.

சரி, சாப்பாடு. அலென்தேஜுச் சமையலின் அடித்தளம் பாண். அவர்கள் ‘பாவ்’ என்று மூக்கால் சொல்வதைத்தான் நாங்கள் பாண் ஆக்கி வைத்திருக்கிறோம். தடித்த தோல், இறுக்கமான உள், இலேசான புளிப்பு. முதல் நாள் சாப்பிடுவதைவிட மூன்றாம் நாள் சமைப்பதுதான் அதற்கு அழகு. எறியக் கூடாது என்ற வறுமை கண்டுபிடித்த சமையல் இது. இறைச்சி கொஞ்சம்தான் இருக்கும், மணத்தால் சமாளிக்க வேண்டும்.

அசோர்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளி, கல்லுப்பு, ஒரு கைபிடி கொத்தமல்லி இலை எல்லாவற்றையும் உரலில் இடித்து, ஒலிவ் எண்ணெய் ஊற்றி, மேலே கொதிதண்ணீர் விட்டு, காய்ந்த பாணைப் பிய்த்துப் போட்டு, கொதிதண்ணீரில் உடைத்து ஊற்றி அவித்த முட்டையை மேலே வைப்பார்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்க விடுகிற வேலையே கிடையாது. முதல் தடவை எனக்கு அது வந்தபோது என்ன செய்வதென்று தெரியவில்லை. கரண்டியால் ஓரமாகக் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக் கிழவர் ஒருவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, என் கரண்டியை வாங்கி, முட்டையின் வயிற்றில் ஒரு கீறல் போட்டார். மஞ்சள் கரு பச்சைத் தண்ணீருக்குள் இறங்கியது. பாணை அதற்குள் இரண்டு தடவை அமத்தினார், கரண்டியைத் திருப்பித் தந்தார், போய்விட்டார். ஒரு சொல் பேசவில்லை. ஆவியோடு வந்த அந்த உள்ளி, கொத்தமல்லி மணம்... குளிர்காலத்தில் தடிமனோடு போகிறவர்கள் இதைத்தான் கேட்க வேண்டும்.

போன வருசம் அம்மா கோண்டாவிலிலிருந்து வந்து நின்றபோது கூட்டிக்கொண்டு போனேன். முழங்கால் நோவோடு படியேறும்போது புறுபுறுத்தவ, முற்றத்தைக் கண்டதும் அடங்கிவிட்டா. அசோர்டா வந்தது. கிண்டிப் பார்த்தா.

“என்ன தம்பி, ரசத்துக்குள்ள பாணைப் போட்டுத் தந்திருக்கிறாங்கள்?”

“சாப்பிட்டுப் பாருங்கோ அம்மா.”

பாதியில் நிமிர்ந்து, “புளி விட்டிருந்தா இன்னும் நல்லா இருக்கும்” என்றா. அம்மாவின் நிறுவையில் அது நூற்றுக்கு எண்பது.

அம்மா மச்சம் சாப்பிடுகிறவ என்பதால் தப்பினேன். சைவக்காரருக்கு இந்தச் சமையல் சரிவராது. அசோர்டாவில் முட்டை இருக்கும், சில நேரம் கருவாட்டு மீன் அவித்த தண்ணீரையே விடுவார்கள். மிகாஸ் என்பது பாணைப் பன்றிக் கொழுப்பில் உள்ளியோடு பிரட்டி உருட்டி எடுப்பது, எங்கள் கொத்துரொட்டியின் சோம்பேறிச் சகோதரம். வெள்ளிக்கிழமை விரதக்காரர் வேறு கிழமை பாருங்கள். எனக்கே மிகாஸ் மத்தியானம் சாப்பிட்டால் பின்னேரம் வேலை ஓடாது.

கார்னெ டெ போர்க்கு ஆ அலென்தெஜானா என்பது எல்லாருக்கும் தெரிந்த கறி. பன்றி இறைச்சியைச் சிவப்புக் குடைமிளகாய் விழுது, வெள்ளை வைன், உள்ளியில் ஊறவைத்துப் பொரித்து, மட்டியோடு சேர்ப்பார்கள். சுற்றிவரப் பொரித்த உருளைக்கிழங்கு, மேலே கொத்தமல்லி. மட்டி ஓட்டோடு வரும் என்று தெரியாமல் நான் முதல் வாயிலேயே கடித்து வைத்தேன். அது என் பிழை, சமையலின் பிழை இல்லை. மட்டியின் உப்புத் தண்ணீர் இறைச்சிக்குள் இறங்குகிற இடத்தில் பாணை வைத்துத் துடைத்து எடுக்க வேண்டும். இது உண்மையில் தெற்கே அல்கார்வில் பிறந்த கறி என்று வாதாடுகிறவர்களும் உண்டு. இந்தக் கட்டடத்துக்குள் அதைச் சத்தமாகச் சொல்லாமல் விடுவது உத்தமம்.

ஆனால் என்னைக் கேட்டால் சோபா டெ காசாவ்தான் அரசன். காசாவ் என்றால் சிறு சுறா. ஆம், சுறா! வினாகிரிப் புளிப்பு, உள்ளி, கொத்தமல்லி, தடித்த வெள்ளைக் குழம்பு, அடியில் பாண் துண்டு. கடலுக்குத் தூரமான அந்த ஊர்களில், பழுதாகாமல் வந்து சேருகிற மீன் என்று இதை வைத்திருந்தார்களாம். சுறா வறை தின்று வளர்ந்த வாய்க்கு முள்ளில்லாத அந்தச் சதையை அடையாளம் தெரியும். மெனுவில் எப்போதும் இருக்காது. இருக்கிற நாளில் வேறு எதையும் பார்க்காதீர்கள்.

காசு விசயம். லிஸ்பன் நடுவில், இப்படியொரு கட்டடத்தில் இருந்து சாப்பிட்டு, இருவர் வீட்டு வைனோடு 30 யூரோ சுற்றில் எழும்பி வந்த நாட்கள் எனக்கு உண்டு. இப்போது விலை கூடியிருக்கிறது, லிஸ்பனில் கூடாதது எது? நான் வந்த காலத்தில் 580 யூரோவாக இருந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025இல் 870 ஆனது. வீட்டு வாடகை அதைவிட வேகமாக ஓடியது. அந்தக் கணக்கில் இந்தத் தவறணை இன்னும் சம்பளக்காரன் எட்டக்கூடிய உயரத்தில்தான் இருக்கிறது. ஓட்டுச் சுவர் அறையில் விரிப்புப் போட்ட மேசை வேண்டுமென்றால் மேலே உணவகத்துக்குப் போகலாம், கொஞ்சம் கூட வரும். நான் செய்வது, தவறணையில் சாப்பிட்டுவிட்டு மேலே போய் மண்டபத்தைச் சும்மா சுற்றிப் பார்ப்பது.

போர்த்துக்கலில் எங்கே சாப்பிட்டாலும் இரண்டு விசயத்தைத் தெரிந்து வைத்திருங்கள். ஒன்று, ‘டோஸ்’ என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் இரண்டு வயிற்றுக்குக் காணும், தனியாகப் போனால் ‘மெயா டோஸ்’, அதாவது அரைப் பங்கு, கேளுங்கள். மற்றது, இருந்தவுடன் பாண், ஒலிவ் காய், சீஸ் என்று மேசைக்கு வரும். அது இலவசம் இல்லை. ஆனால் நீங்கள் கேட்காமலும் தொடாமலும் விட்டால் சட்டப்படி அதற்குக் காசு வாங்க முடியாது. இதே தெருவில் வேறொரு கடையில் தொடாத இறால் தட்டு ஒன்றுக்கு எனக்கு 14 யூரோ போட்டார்கள். சண்டை பிடித்துத்தான் கழித்தேன், அதுவும் என் உடைந்த போர்த்துக்கேயத்தில். அங்கே பிறகு மிதிக்கவே இல்லை.

நேரமும் முக்கியம். பன்னிரண்டரைக்கு முன்னால் போய்விடுவேன். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கப் போய் நின்று ‘குசினி பூட்டியாச்சு’ என்று கேட்டுத் திரும்பின அனுபவம் இந்த ஊரில் எனக்கு எத்தனையோ. அது இந்த நாட்டு வழக்கம், நாங்கள்தான் பழக வேண்டும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் சாப்பாடு முடிந்து இறங்கும்போது மேலே மண்டபத்தில் ஆண்கள் பாடுகிற சத்தம் கேட்டது. அலென்தேஜுவின் கான்தெ. வாத்தியமே கிடையாது. ஒருவர் தொடங்குவார், இன்னொருவர் உயரத்தில் பிடிப்பார், பிறகு முழுக் கூட்டமும் ஒரே மூச்சில் இறங்கும். 2014இல் யுனெஸ்கோ இதைத் தன் பட்டியலில் சேர்த்தது. வயல் வேலைக்குப் போய் வரும்போது பாடினது என்பதால் நடையின் வேகத்துக்குத்தான் பாட்டு நகரும். படியில் நின்று கேட்டேன். உள்ளே போகவில்லை. அது அவர்களின் ஒன்றுகூடல்.

கடைசியாக இனிப்பு. செரிக்காயா என்று ஒன்று கேளுங்கள். முட்டை, பால், சீனி, மேலே கறுவாத் தூள், வெந்து வெடித்த மேற்பரப்பு, பக்கத்தில் சீனிப்பாணியில் ஊறிய எல்வாஸ் ஊர்ப் பிளம்ஸ். இந்தியாவில் ராஜப்பிரதிநிதியாக இருந்த கொன்ஸ்தன்தீனு டெ பிரகன்சாதான் கிழக்கிலிருந்து இதன் செய்முறையைக் கொண்டுவந்தார் என்று ஒரு கதை சொல்கிறார்கள். மலாய் நாட்டிலும் ஸ்ரீகாயா என்று ஒரு முட்டை இனிப்பு இருக்கிறது, எனவே கதையில் ஏதோ இருக்கலாம். ஆளை எனக்கு வேறு வழியில் தெரியும். 1560இல் கப்பல்களோடு வந்து யாழ்ப்பாணத்தின் மேல் படையெடுத்தவர் அவர்தான். நல்லூருக்குள் புகுந்து, நிலைக்க முடியாமல் மன்னாரைப் பிடித்துக்கொண்டு போனார். அம்மாவிடம் இதைச் சொன்னேன். வட்டிலப்பத்தின் ருசி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே பிளேட்டை வழித்துச் சாப்பிட்டா.

போன கிழமை அழைப்பெடுத்து, அந்தப் பாண் ரசத்துக்கு உள்ளி எத்தனை பல்லு என்று கேட்டா. சொன்னேன். ஒலிவ் எண்ணெய் விலை என்று நல்லெண்ணெய் விட்டுப் பார்த்தாவாம். சரிவரவில்லையாம்.