சிடிகளை ஃபிளாக் ஆக்கித் தரச் சொல்லிக் கடையில் கொடுக்கும் முன்

ஒலித் தரம் குறையாத ஃபிளாக் என்ற கணினிக் கோப்பாக்கித் தரச் சொல்லி ஒரு கடையில் 312 சிடிகள் கொடுத்தேன். ஒன்றுக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மொத்தம் 936 வெள்ளி. முழுப் பணத்தையும் கட்டி நான் வாங்கி வந்த கோப்புகளில் பாதிக்கு மேல் இணையத்தில் இறக்கிய எம்பி3. பெயர் மட்டும் ஃபிளாக். சிங்கப்பூரில் இந்த வேலைக்குக் கடை தேடுபவர்கள் பணத்தை நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

சிடிகள் அப்பாவுடையவை. 90களில் சம்பளம் வந்த ஞாயிறு தேக்காவுக்குப் போய், காய்கறியோடு ஒரு சிடியும் வாங்கி வருவார். பாதி சினிமாப் பாட்டு, பாதி கச்சேரி. 2004இல் நானே அவற்றைக் கணினியில் ஏற்றினேன். அன்று ஹார்ட் டிஸ்க் 40 ஜிபிதான், அதனால் எல்லாம் 128 கேபிபிஎஸ் எம்பி3. எம்பி3 கோப்பைச் சிறிதாக்க ஒலியின் ஒரு பகுதியை வீசிவிடும், அது திரும்ப வராது. ஃபிளாக் எதையும் வீசாது. சிடியில் இருப்பது அப்படியே இருக்கும், இடமும் ஏறக்குறைய பாதிதான் பிடிக்கும். இன்று இடம் ஒரு பொருட்டே இல்லை என்பதால் எல்லாவற்றையும் மறுபடி ரிப் செய்ய, அதாவது சிடியிலிருந்து கணினிக்கு எடுக்க, நினைத்தேன். வேலை நேரம் இடம் தரவில்லை, கடைக்குக் கொடுத்தேன்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. ஒரு பழைய கடைத்தொகுதியின் மேல்மாடியில் சின்னக் கடை. என் கண்ணெதிரே கடைக்காரத் தம்பி ஒரு சிடியை ரிப் செய்து காட்டினார். வீட்டில் சோதித்தேன், குறையே இல்லை. அந்த ஒன்றை நம்பி மிச்ச 311ஐயும் கொடுத்தேன்.

நான்கே நாளில் வேலை முடிந்தது என்று அழைப்பு வந்தது. அங்கேதான் நான் யோசித்திருக்க வேண்டும். மேசையில் இருந்தது சிடியைப் படிக்கும் ஒரே ஒரு டிரைவ். ஒரு சிடியை ஒழுங்காகப் படிக்கப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் 52 மணி நேரம் ஆகும். கடை திறந்திருப்பது காலை 11 முதல் இரவு 8 வரை. நான்கு நாளுக்கு 36 மணி நேரம்தான் வருகிறது.

முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, அப்பா. ராகம் தானம் பல்லவி கேட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "தம்பூரா ஏன் விட்டு விட்டு வருது? சிடியில இப்படி இருக்காதே" என்றார். ஆலாபனை முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் சிடியில் டிராக் எண் மாறும், ஆனால் சுருதி அறுபடாது. இந்தக் கோப்புகளில் அந்த இடத்தில் கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒரு மௌனம். எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு டிராக்கின் முன்னும் பின்னும் துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதை ஃபிளாக் ஆக்கினால் அந்த மௌனமும் கூடவே வந்துவிடும். சிடியிலிருந்து நேராக ரிப் செய்த ஃபிளாக்கில் இது வராது.

அப்புறம் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்புகளைத் திறந்தேன். ஒலி எந்த அதிர்வெண் வரை போகிறது என்று படமாகவே காட்டும். சிடியில் 22 கிலோஹெர்ட்ஸ் வரை இடம் உண்டு. எனக்கு வந்த கோப்புகளில் பல 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல் நேர்கோடாக நின்றன. 128 எம்பி3யில் பொதுவாகக் காணும் அடையாளம் அது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: பழைய பாட்டுகளில் மேலே ஒன்றுமே இல்லாமல் போவது இயல்பு, அது மெல்ல மங்கி முடியும். அதைப் பார்த்து யாரையும் குற்றம் சொல்லிவிடாதீர்கள். அதே சிடியை நீங்களே ரிப் செய்து இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோப்பின் அளவும் துணைக்கு வராது, எம்பி3யிலிருந்து செய்த ஃபிளாக்கும் பெரிதாகவே இருக்கும்.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் செய்தது வேறொன்று. சில கோப்புகளின் குறிப்புப் பகுதியில் ஒரு பாட்டுத் தளத்தின் முகவரி அப்படியே கிடந்தது. அழிக்கக்கூட மெனக்கெடவில்லை. இணையத்தில் கிடைக்காத கோயில் கச்சேரிப் பதிவுகள் மட்டும் உண்மையாகவே ரிப் செய்யப்பட்டிருந்தன.

கடைக்குப் போனேன். "அண்ணே, ஃபிளாக் கேட்டீங்க, ஃபிளாக் கொடுத்தோம். காதுக்கு வித்தியாசம் தெரியாது" என்றார் அந்தத் தம்பி. அப்பாவின் காதுக்குத் தெரிந்தது என்றேன். 100 வெள்ளி திருப்பித் தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டேன்.

பணத்தைவிட எனக்கு வலித்தது சிடிகள் திரும்பி வந்த நிலை. உறையில்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். ஒன்பதில் கீறல், அதுவும் பெயர் அச்சிட்ட பக்கத்தில். பளபளக்கும் அடிப்பக்கக் கீறலைப் பல நேரம் மெருகேற்றிச் சரிசெய்துவிடலாம். மேல்பக்கத்தில் தகவல் படலம் அச்சுக்கு அடியிலேயே இருக்கிறது, அங்கே கீறல் ஆழமாகப் பட்டால் போனது போனதுதான். மூன்று சிடிகள் இப்போது படிப்பதே இல்லை.

கொடுப்பதாக இருந்தால் ஒவ்வொரு சிடிக்கும் ரிப் லாக் கோப்பு வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருள்கள் எந்த டிரைவில், எப்போது, பிழையின்றிப் படித்ததா என்று அதில் பதிந்துவிடும். மற்றவர்கள் அதே சிடியை ரிப் செய்த முடிவுகளைச் சேர்த்து வைத்திருக்கும் அக்யூரேட்ரிப் என்ற தரவோடு ஒத்துப்போனால் இன்னும் நல்லது. எங்கள் தமிழ்ச் சிடிகளில் பல அந்தத் தரவில் இல்லை, அப்படியானால் இரண்டு முறை படிக்கவைத்து இரண்டு சிஆர்சி எண்ணும் (படித்த தகவலிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒன்றா என்று பார்க்கலாம். லாக் தர முடியாது என்பவரிடம் கொடுக்காதீர்கள். பாதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்களே தேர்ந்தெடுத்த பத்துச் சிடியைச் சோதித்த பிறகு மிச்சத்தைக் கொடுங்கள்.

என் ரசீதில் "312 சிடி, ஃபிளாக்" என்று தெளிவாக இருக்கிறது. அதை வைத்துச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் இணையம் வழி மனு போட்டேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு அங்கே போகலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. எனக்குக் கட்டணம் 10 வெள்ளிதான் ஆனது. அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்பெக் படங்களை இரண்டிரண்டாக அச்செடுத்து, படிக்காத மூன்று சிடியையும் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். இரவு நேரத்தில் நானே ரிப் செய்துகொண்டிருக்கிறேன். இன்றைக்கு 87 ஆகியிருக்கிறது.