ஒரே ஆணையத்தின் பொறுப்பில் ஒரு மலையும் ஒரு வீடும்

நியூயார்க் மாநிலத்தில் பூங்கா, பொழுதுபோக்கு, வரலாற்றுச் சின்னப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் ஒரே அலுவலகத்தின் கீழ் இருந்தாலும், அன்றாட நிர்வாகம் வட்டார வாரியாகவே நடக்கிறது. அவற்றுள் ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையைக் கவனிக்கும் பேலிசேட்ஸ் ஆணையம் தனி ரகம். கல் குவாரிக்காரர்கள் ஆற்றோரச் செங்குத்துப் பாறைகளை வெடிவைத்துத் தகர்ப்பதைத் தடுக்க, 1900-இல் நியூயார்க்கும் நியூஜெர்சியும் சேர்ந்து அமைத்தது அது. இன்றும் இரு மாநில ஆளுநர்களும் ஆளுக்கு ஐந்து பேரை நியமிக்கிறார்கள்.

அந்த ஆணையம் நடத்தும் ‘பேர் மவுண்டன்’ (Bear Mountain) என்ற மலைப் பூங்காவில் கார் நிறுத்த 10 டாலர். பெரும்பாலான மாநிலப் பூங்காக்களில் செல்லுபடியாகும் எம்பயர் பாஸ் என்ற வாகன அனுமதிச் சீட்டு ஆண்டுக்கு 80 டாலர் என்பதால் எட்டு முறை போனால் போட்ட பணம் ஈடாகிவிடும். சிங் சிங் சிறைச்சாலையை இடம் மாற்றிக் கட்ட அரசு குறித்து வைத்திருந்த இடம் இது. ரயில்வே அதிபர் ஒருவரின் மனைவியான மேரி ஹாரிமன் 1910-இல் 10,000 ஏக்கர் நிலத்தையும் 10 லட்சம் டாலரையும் கொடுத்ததால்தான், சிறைச் சுவர் எழவேண்டிய இடத்தில் இன்று பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். உச்சிக்கு ஏறும் கருங்கல் படிகள் முழங்காலைச் சோதிப்பவை. மழை பெய்திருந்தால் வழுக்கும். கிழக்கு அமெரிக்காவின் நீண்ட நடைபாதையான அப்பலாச்சியன் நெடும்பாதை இங்குள்ள சிறு விலங்குக் காட்சிச்சாலைக்குள் புகுந்து செல்வதும், அப்பாதை முழுவதிலும் மிகத் தாழ்ந்த இடம் அங்கேயே இருப்பதும் எனக்கு வேடிக்கையாகப்பட்டது.

ஆனால் என் மனத்தில் நின்றது, வடக்கே நியூபர்க்கில் அதே வட்டாரம் பராமரிக்கும் கல்வீடுதான். அமெரிக்க விடுதலைப் போரின் படைத்தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1782 ஏப்ரல் முதல் 1783 ஆகஸ்ட் வரை தங்கியிருந்த இவ்வீட்டை மாநிலம் 1850-இல் தன்வசப்படுத்தியது. வரலாற்றுத் தலமென்று அரசு காப்பாற்றிய வீடுகளில் அமெரிக்காவிலேயே இதுதான் முதலாவது. உள்ளே ஓர் அறைக்கு ஏழு கதவுகள், ஒரே ஒரு சன்னல். நடுவில் நின்றால் எந்தக் கதவு எங்கே போகிறது என்று சற்றுக் குழம்பிவிடுகிறோம். ஓயாமல் ஆள் வந்துபோன படைத்தலைமையகத்தில் அது எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

மலைக்கு நான்கு நட்சத்திரம், வீட்டுக்கு ஐந்து. எம்பயர் பாஸ் வாகனத்துக்கானது மட்டுமே; வீட்டைச் சுற்றிப் பார்க்கத் தனிச் சீட்டு வாங்க வேண்டும்.