தினம் ஒரு குளியலா, வாரம் மூன்றா?

என் மகனுக்கும் அக்கா மகளுக்கும் ஐந்து வாரம்தான் வித்தியாசம். இவன் வேளச்சேரி, அவள் டொரோன்டோ. இரண்டும் கைக்குழந்தையாக இருந்தபோது வீடியோ காலில் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "குளிப்பாட்டியாச்சா?" ஒரு நாள் அக்கா உண்மையைச் சொல்லிவிட்டாள். "இங்க டாக்டர் வாரத்துக்கு மூணு நாள் போதும்னு சொல்லிட்டாரும்மா." அம்மா முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "மூணு நாளா? புள்ள மேல பால் வாடை அடிக்காதாடி?"

இரண்டு பேரும் அவரவர் ஊருக்குச் சரியாகத்தான் பேசினார்கள் என்பது எனக்குப் புரிய ஒரு வருடம் பிடித்தது. நடுவில் என் மகன்தான் அவதிப்பட்டான்.

அக்கா பக்கத்து நியாயம் இது. முதல் ஒரு வயது வரை வாரம் மூன்று குளியல் போதும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டல். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்ஸும் தினமும் குளிப்பாட்ட வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறது. பச்சைக் குழந்தையின் தோல் நம் தோலைவிட மெல்லியது, ஈரத்தைச் சீக்கிரம் இழந்துவிடும். மேல்தோலில் லேசான அமிலத்தன்மை, அதாவது பி.எச். 5.5 அளவில், இருந்தால்தான் அது நல்ல காவலாக நிற்கும். பிறந்த குழந்தைக்கு அந்த நிலை வரவே சில வாரங்கள் ஆகும். சாதாரண சோப்புக் கட்டியோ அதற்கு நேர் எதிரான காரம், பி.எச். 9, 10 என்று இருக்கும். அக்கா ஊரில் வெளியே பனி, வீட்டுக்குள் நாள் முழுக்க ஓடும் ஹீட்டரில் உலர்ந்த காற்று. இதற்கு மேல் தொட்டியில் ஊறவைத்துத் தினமும் நுரை போட்டால் தோல் வறண்டு அரிக்கத்தான் செய்யும்.

'வாரம் மூன்று' என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்கள் அதன் மறுபாதியை விட்டுவிடுகிறார்கள். குளியல் இல்லாத நாளிலும் முகம், கழுத்து, அக்குள், கை, டயபர் போடும் இடம் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தாக வேண்டும். அக்கா அதைத் தவறாமல் செய்தாள். நான் செய்யவில்லை.

எங்கேயோ படித்துவிட்டு ஏப்ரல் மாதத்தில், சென்னையில், வாரம் மூன்று என்று ஆரம்பித்தேன். இரண்டாவது வாரம் கழுத்து மடிப்பை விரித்துப் பார்த்தால், கடைவாயில் வழிந்த பால் இறங்கித் தயிர்போலத் திரைந்து கிடக்கிறது. அடியில் தோல் சிவந்து ஈரமாக இருந்தது. முதுகு முழுக்க வேர்க்குரு. வியர்வை வெளியே வரும் வழி அடைபட்டுப் போவதால் வருவதுதான் வேர்க்குரு. மேலே தண்ணீர் ஊற்றி, துடைத்து, காற்றாட விட்டாலே பாதி தணிந்துவிடும். பவுடரைத் தூவினால் அது வியர்வையோடு சேர்ந்து மடிப்பில் சேறாகிறது, மூச்சோடு உள்ளே வேறு போகிறது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வெந்நீர் விளாவ ஆரம்பித்துவிட்டார்.

அம்மா குளிப்பாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது ஒன்று தெரிந்தது. காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை முழங்காலுக்குக் கீழே குப்புறப் படுக்கவைத்து, முகம் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பார்த்து, மக்கில் மொண்டு மொண்டு ஊற்றுகிறார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. தொட்டியில் ஊறுகிற குளியலும் இப்படி ஊற்றி எடுக்கிற குளியலும் தோலைப் பொறுத்தவரை ஒன்றில்லை. இரண்டையும் 'ஒரு குளியல்' என்று எண்ணிக்கொண்டுதான் நாம் சண்டை போடுகிறோம்.

சரி, அப்படியானால் தினமும் என்பதே ஜெயித்ததா? முழுசாக இல்லை. தினமும் குளிக்க ஆரம்பித்த மகனுக்கு மார்கழியில் கெண்டைக்கால் வெள்ளை வெள்ளையாகச் செதில் விட்டது. எங்கள் தெருவில் போர் தண்ணீர், பக்கெட் விளிம்பில் உப்புப் படியும் ரகம். உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக அலசிப் போகாமல் தோலில் படிந்துவிடும். டாக்டர் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "குளியலைக் குறைக்காதீங்க, சோப்பைக் குறைங்க" என்றார். அன்று முதல் தினமும் வெறும் தண்ணீர். மண்ணில் புரண்ட நாளிலும் மடிப்புகளுக்கும் மட்டும் மிதமான பேபி வாஷ். தலைக்கு வாரம் இரண்டு முறை. குளித்து ஒற்றி எடுத்த ஈரம் காய்வதற்குள் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். செதில் பத்தே நாளில் போனது.

சோப்புக்குப் பதில் பயத்தம் மாவு என்று ஒரு கட்சி உண்டு. எனக்கும் அந்த வாசனை பிடிக்கும். ஆனால் மிஷினில் அரைத்த மாவு எத்தனை சலித்தாலும் நறநறப்பு போகாது. ஆறு மாதக் குழந்தையின் தோலில் அதைத் தேய்ப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை. ஈரக்கை பட்டால் டப்பாவில் பூசணமும் பிடிக்கும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு, மென்மையாகப் பூசிக் கழுவினால் பரவாயில்லை.

கத்திரி வெயிலில் இரண்டு வேளையும் ஊற்றலாமா என்றால், தாராளமாக. சாயங்காலக் குளியலில் சோப்பு வேண்டாம், அவ்வளவுதான்.

கரப்பான், அதாவது தோல் சிவந்து அரிக்கும் எக்ஸிமா, உள்ள குழந்தைக்குத் தண்ணீரே காட்டக் கூடாது என்பார்கள். இந்தப் பழைய பேச்சோடு எனக்கு உடன்பாடில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து, பத்து நிமிடம் குளிப்பாட்டி, உடனே டாக்டர் சொன்ன மாய்ஸ்சரைசரைத் தாராளமாகப் பூசுவதுதான் இப்போதைய முறை.

இந்தக் கணக்கு எதுவும் அப்போதுதான் பிறந்த குழந்தைக்குப் பொருந்தாது. முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பச்சைக் குழந்தையின் உடம்பு சட்டென்று சில்லிட்டுப் போகும், அதற்காகத்தான். மேலே ஒட்டியிருக்கும் வெண்ணெய் மாதிரியான பூச்சையும் அவசரப்பட்டுத் தேய்த்து எடுக்க வேண்டாம். தொப்புள்கொடி விழும் வரை துடைத்துவிட்டாலே போதும்.

தண்ணீர்ச் சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 37, 38 டிகிரி போதும், முழங்கையில் ஊற்றிப் பார்த்தால் சுடக் கூடாது. பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர். கீசரிலிருந்து வரும் 60 டிகிரித் தண்ணீர் சில நொடியில் குழந்தையின் தோலை வேகவைத்துவிடும். குளித்து முடித்ததும் பக்கெட்டைக் கவிழ்த்துவிடுங்கள். தவழ்கிற பிள்ளை தலைகுப்புற விழுந்து மூழ்க அரைச் சாண் தண்ணீரே அதிகம்.

போன டிசம்பரில் அம்மா டொரோன்டோ போனார். முதல் மூன்று நாள் பேத்தியைத் தினமும் குளிப்பாட்டினாராம். நான்காம் நாள் அவர் கையே வறண்டு வெடிக்க, "இன்னைக்குத் தொடச்சு மட்டும் விடுடி" என்று அவரே சொல்லிவிட்டார். ஜூலையில் அக்கா இங்கே வந்தபோது, விமானத்திலிருந்து இறங்கிய மறுநாளே மகளுக்கு இரண்டு வேளை ஊற்றினாள். யாரும் யாரையும் கேலி செய்யவில்லை.

எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு வேறு. எண்ணெய்க் குளியலன்று மூக்கிலும் காதிலும் இரண்டு சொட்டு விட வேண்டும் என்பார் அம்மா. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவே வரலாம் என்று நான் கிண்ணத்தைப் பிடுங்கி வைத்துவிட்டேன். சாம்பிராணிப் புகையில்தான் தோற்றுக்கொண்டிருக்கிறேன். குழந்தை இருமும் என்று சொன்னால், தூபக்காலை ஹாலில் வைக்கிறார். கதவு என்னவோ திறந்துதான் இருக்கிறது.