கையில் மூன்று எட்டு, எதிரே அடித்து ஆடுபவர்: ரெய்ஸா, காலா?

நோ லிமிட் ஹோல்டெம், அதாவது கையில் இரண்டு சீட்டும் மேசையில் ஐந்து பொதுச் சீட்டும் வைத்து, எவ்வளவு வேண்டுமானாலும் பந்தயம் கட்டி ஆடுகிற போக்கர். பிக் பிளைண்டில் (சீட்டைப் பார்க்கும் முன்பே பெரிய கட்டாயப் பந்தயம் போடும் இடம்) நமக்கு ஜோடி எட்டு, பட்டனில் (ஃபிளாப்பிலிருந்து கடைசியாக ஆடும் இடம்) இருப்பவரோ எந்தச் சீட்டு வந்தாலும் ரெய்ஸ் அடிக்கிற, அதாவது பந்தயத்தை ஏற்றுகிற ரகம். நாம் கால் செய்ய (அவர் போட்ட அளவே போட), ஃபிளாப்பில், அதாவது முதல் மூன்று பொதுச் சீட்டில், விழுகிறது ராஜா, எட்டு, மூன்று. கை ஜோடியோடு மேசை எட்டும் சேர்ந்து மூன்று எட்டு, செட் விழுந்துவிட்டது. கையில் ஜோடி இருந்தாலும் எட்டு ஒன்பது தடவைக்கு ஒரு தடவைதான் இப்படி விழும். பாட்டில் (நடுவில் சேர்ந்த பந்தயப் பணத்தில்) 30 டாலர், இருவரிடமும் ஆளுக்கு 200 மிச்சம். நாம் செக் (எதுவும் போடாமல் விடுகிறோம்), அவர் 20 போடுகிறார். இப்போது என்ன செய்வது?

உடனே 65க்கு ரெய்ஸ் அடிக்கலாம். அவரிடம் ராஜா இருந்தால் நல்ல காசு. ஆனால் இந்த மாதிரி ஆளிடம் பல நேரம் ஒன்றுமே இருக்காது, சீட்டைக் கீழே போட்டுவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவார், நமக்குக் கூடுதலாகக் கிடைத்தது அந்த 20தான்.

வெறும் கால் செய்தால்? பாட் 70. டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) அவர் 45 போட, மறுபடி கால், பாட் 160. ஆளுக்கு மிச்சம் 135, ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டில்) அவரே ஆல்-இன், அதாவது மிச்சம் மொத்தமும், தள்ள அது சரியான அளவு. அதாவது மூன்று தடவையும் விடாமல் அடிக்கிற ஆள் என்றால், நாம் ஒரு ரெய்ஸ்கூட அடிக்காமல் மொத்தமும் நம் பக்கம் வந்துவிடும். 1988 வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் கடைசி ஆட்டத்தில் ஜானி சான் ஃபிளாப்பிலேயே ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து சீட்டு) பிடித்துவிட்டு பூனை மாதிரி பதுங்கியிருக்க, ஒரு ஜோடி ராணியை நம்பி எரிக் சைடல் ஆல்-இன் போய் விழுந்தது இப்படித்தான்.

அதனால் என் ஓட்டு காலுக்கு. ஆனால் மூன்று சீட்டும் வேறு வேறு இனமாக இருந்தால் மட்டும். அதில் இரண்டு ஆட்டின் என்றால் நான் ரெய்ஸ்தான் அடிப்பேன், ஏனென்றால் அவர் கையிலும் இரண்டு ஆட்டின் இருந்தால் டர்னிலேயே ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) விழ ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாய்ப்பு, அந்தச் சீட்டைப் பார்க்க அவரிடம் நல்ல விலை வாங்க வேண்டாமா? போதாததற்கு, மூன்றாவது ஆட்டின் மேசையில் விழுந்தால் ராஜா வைத்திருப்பவர்கூட பயந்து அடங்கிவிடுவார்.

அடித்து ஆடுபவர்களிலும் ரகம் உண்டு. ரெய்ஸ் வாங்கினால் ரோஷம் வந்து திருப்பி அடிக்கிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரெய்ஸ். ஃபிளாப்பில் ஒரு தடவை குரைத்துவிட்டு டர்னில் செக் செய்கிறவரிடம் பதுங்கியும் பெரிதாக லாபம் இல்லை, இருந்தாலும் கால் செய்தால் ஒரு சீட்டு கூடுதலாகப் பார்க்கிறார், அதில் அவருக்கு ஏதாவது ஜோடி சேரலாம்.

ஜோடி ஆஸ் கதை வேறு, அதை ஃபிளாப்புக்கு முன்பே பதுக்காதீர்கள். ஏதோ ஒரு கைக்கு எதிராக 85 சதவீதம் ஜெயிக்கிற அந்த ஜோடி, எதிரே நான்கு பேர் உள்ளே வந்தால் 56க்கு இறங்கிவிடும்.

அப்புறம் ஒன்று. டர்னில் அவரும் செக் செய்துவிட்டால் ரிவரில் மறுபடி செக் செய்து அவர் அடிப்பார் என்று காத்திருக்காதீர்கள், பாட்டில் பாதிக்கு மேல் நீங்களே போடுங்கள். நம்மிடம் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பதால், சாதா ஜோடி மூன்றை வைத்துக்கொண்டுகூட கால் செய்வார்.