முடிவு தெரிந்த பின்னும் பார்க்கக்கூடியதா? ‘சுழல்’ இரண்டு பருவங்களும் ‘வதந்தி’யும்

துப்பறியும் தொடர்களை மதிப்பிடுவதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்ட பின்னரும் அதை இன்னொரு முறை உட்கார்ந்து பார்க்க முடியுமா? இலங்கையின் கிழக்கே கல்முனைப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாகத் தோன்றாது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாட்கள் நடைபெறும் சடங்கில் பாண்டவர் வனவாசம் போவதும், அருச்சுனன் தவநிலைக்கு ஏறுவதும், இறுதியில் தீமிதிப்பு நிகழ்வதும் சிறு பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனாலும் வனவாசத்தன்று வீதியில் சனம் குறைவதில்லை. வைகாசியில் கண்ணகி கோயில்களில் அவள் கதையைச் சொல்லும் வழக்குரை பாடப்படும்போது, மதுரை எரியப்போவதை அறியாதவர் எவரும் அங்கே இருப்பதில்லை. அடுத்து என்ன நடக்கும் என்ற பதற்றம் நீங்கிய பிறகுதான் பாத்திரங்களின் நடத்தையை நிதானமாகக் கவனிக்க முடிகிறது என்பது என் எண்ணம். திருவிழாவை நடுவில் வைத்துக் குற்றக்கதை சொல்லும் ‘சுழல்’ என்ற தமிழ் இணையத் தொடரின் இரண்டு பருவங்களையும் அந்த நோக்கிலேயே மீண்டும் பார்த்தேன்.

புஷ்கர், காயத்ரி இணையர் எழுதி, பிரம்மாவும் அனுசரண் முருகையனும் இயக்கிய முதற் பருவம் 2022 ஜூன் மாதம் அமேசன் பிரைமில் எட்டு அத்தியாயங்களாக வெளியானது. சாம்பலூர் என்ற கற்பனை மலைநகரில் மயானக் கொள்ளைத் திருவிழா தொடங்கும் இரவில் சீமெந்துத் தொழிற்சாலை தீப்பிடித்து எரிகிறது. அதே இரவில், தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற் போகிறாள். தீ வைத்தவர் சண்முகமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊரும் பொலிஸும் நினைக்கின்றன. பொலிஸ் பரிசோதகர் ரெஜினாவும் அவருக்குக் கீழ் வேலை செய்யும் சக்கரை என்ற இளைஞனும் விசாரணையைத் தொடங்க, ஊரைவிட்டுப் போயிருந்த மூத்த மகள் நந்தினி தங்கையைத் தேடித் திரும்பி வருகிறாள்.

மயானக் கொள்ளை எங்கள் பகுதியில் வழக்கத்தில் இல்லாத வழிபாடு. தமிழ்நாட்டில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் மாசி மாதம், மகா சிவராத்திரியை அடுத்து வரும் அமாவாசையில் அது பெரிதாக நடைபெறும். அதை மலைநகர் ஒன்றுக்கு எடுத்துச் சென்ற கதாசிரியர்கள், படத்துக்கு வர்ணம் சேர்ப்பதற்காக மாத்திரம் அதைப் பயன்படுத்தவில்லை என்பதே முதற் பருவத்தின் பெரும் பலம். சடங்கின் நாட்கள் நகர நகர விசாரணையும் நகர்கிறது. ஊர் முழுவதும் தெருவில் திரளும் நேரமாதலால் எவர் எங்கே இருந்தார் என்பதை உறுதிப்படுத்துவது பொலிஸுக்குக் கடினமாகிறது. முகத்தில் வர்ணம் பூசி வேடமிட்டு ஆடும் கூட்டத்துக்குள், வேடமே இல்லாமல் நடமாடும் ஒருவரை எவரும் சந்தேகிப்பதில்லை. அம்மனின் உக்கிரத்தைக் கொண்டாடும் அதே ஊர், தன் வீடுகளுக்குள் பெண் பிள்ளைகளுக்கு நடப்பதைப் பார்க்க மறுக்கிறது. இதை எவரும் வசனமாகப் பேசிக் காட்டாமலே தொடர் நமக்குப் புரியவைத்துவிடுகிறது.

முடிவை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் முடிவை அறிந்தவர்கள் இரண்டாம் தடவை பார்க்கும்போது, தேடல் காட்சிகளை விட்டுவிட்டுச் சண்முகத்தின் வீட்டுக்குள் நடக்கும் சாதாரணக் காட்சிகளைக் கவனிக்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன். யார் யாரோடு ஒரே அறையில் நிற்கத் தயங்குகிறார்கள், எந்தக் கேள்விக்கு நந்தினி பதில் சொல்லாமல் எழுந்து போகிறாள் என்பன முதற் பார்வையில் கடந்துபோய்விடும் சிறிய விடயங்கள். ஐஸ்வர்யா ராஜேஷின் நடிப்பு அந்த இடங்களில்தான் இருக்கிறது. வழக்கமாகச் சொல்விளையாட்டில் மகிழும் பார்த்திபன் இங்கே தம்மை அடக்கிக்கொண்டு, பிடிவாதமும் பாசமும் ஒன்றாகக் கலந்த தகப்பனாக நிற்கிறார். சக்கரையாக வரும் கதிரும் நன்றாகவே செய்திருக்கிறார். எனினும், என்னைப் பொறுத்தவரை, தொடரைத் தாங்குபவர் ரெஜினாவாக வரும் ஷ்ரியா ரெட்டிதான்: வழக்கு தன் சொந்தப் பிள்ளையைத் தொடும் கட்டத்தில் பொலிஸ் அதிகாரியும் தாயும் ஒரே முகத்தில் மாறிமாறித் தோன்றுவதை, அவர் குரலை உயர்த்தாமலே காட்டியிருக்கிறார்.

குறைகளும் இல்லாமலில்லை. நடு அத்தியாயங்களில் பொய்த் தடயங்கள் அளவுக்கு மிஞ்சி நீளுகின்றன. ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு திடுக்கிடல் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் தெரிகிறது. சாம் சி. எஸ். அமைத்த பின்னணி இசை, மௌனம் போதுமாயிருந்த இடங்களிலும் ஓயவில்லை.

2025 பெப்ரவரி இறுதியில் வந்த இரண்டாம் பருவம், இதே சூத்திரத்தைக் கடலோரக் காளிபட்டினத்துக்கு நகர்த்துகிறது. மூத்த சட்டத்தரணி செல்லப்பா கொல்லப்படுகிறார். எட்டு இளம் பெண்கள் வெவ்வேறு இடங்களில் அந்தக் கொலையைத் தாமே செய்ததாக ஒப்புக்கொள்கிறார்கள். ஊரில் எட்டுக் காளிகளுக்கான அட்டகாளித் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது. தொடக்கம் அபாரமானது. ஆனால் எட்டுக் காளிகளுக்கு எட்டுப் பெண்கள் என்று கணக்குச் சரியாகப் பொருந்திய மறுகணமே திருவிழா உயிரற்ற குறியீடாகிவிடுகிறது. பார்வையாளர் தாமாகக் கண்டுகொள்ளக்கூடிய ஒப்புமையை வசனங்கள் திரும்பத் திரும்ப விளக்குகின்றன. மட்டக்களப்புக் கூத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அது களத்துக்குள் நுழையும்போது வரவுப் பாட்டும் வரவு ஆட்டமும் உண்டு. அந்த வரவு ஆடி முடிவதற்குள் வந்தவர் எப்பேர்ப்பட்டவர் என்பது கூத்தாடும் களரியைச் சுற்றி இருப்பவர்களுக்குப் பிடிபட்டுவிடும். இந்த எட்டுப் பெண்களில் மூவருக்கோ நால்வருக்கோ மேல் அத்தகைய வரவு வாய்க்கவில்லை. மற்றவர்கள் எண்ணிக்கையை நிரப்ப நிற்கிறார்கள். அவர்களுடைய கடந்தகாலம் ஒவ்வொன்றாக அவிழும்போது துயரம் கூடுவதற்குப் பதிலாக, ஒரே கதையைப் பெயர் மாற்றிக் கேட்பது போன்ற அலுப்பு ஏற்படுகிறது. லால், கௌரி கிஷன், சரவணன் போன்ற நல்ல நடிகர்கள் இருந்தும், கொலையாளி யாரென்று தெரிந்த பின்னர் இரண்டாம் தடவை நான் மூன்றாவது அத்தியாயத்துக்கு அப்பால் போகவில்லை.

இதே புஷ்கர், காயத்ரி தயாரிப்பில் 2022 டிசம்பரில் வெளிவந்த ‘வதந்தி’ இந்த அளவுகோலில் இடைநடுவே நிற்கிறது. ஆண்ட்ரூ லூயிஸ் எழுதி இயக்கிய அத்தொடரில், கன்னியாகுமரிப் பகுதியில் வெலோனி என்ற இளம் பெண் இறந்து கிடக்கிறாள். உப பரிசோதகர் விவேக் விசாரிக்க விசாரிக்க, சொல்பவருக்கேற்ப அவள் வேறுவேறு பெண்ணாக மாறுகிறாள். கொலையை விடவும் அவளைப் பற்றி ஊரும் பத்திரிகைகளும் கட்டும் கதைகளே இங்கே பொருள் என்பதால், முடிவு தெரிந்த பின்னரும் ஒவ்வொரு சாட்சியும் தன்னைத்தானே எவ்வாறு காட்டிக்கொடுக்கிறார் என்பதைப் பார்த்து ரசிக்கலாம். வழக்கமான சத்தங்களைக் கைவிட்டு எஸ். ஜே. சூர்யா விவேக்காக நடித்திருப்பது ஆறுதல். விவேக்கின் வீட்டுச் சச்சரவுகள் மாத்திரம் ஒரே தடத்தில் சுற்றுகின்றன. அவற்றில் பாதியை வெட்டியிருந்தால் ஓர் அத்தியாயம் மிச்சமாகியிருக்கும்.

பார்க்க நினைப்போருக்குச் சில நடைமுறை விடயங்கள். மூன்றும் பிரைமில் ஒரே சந்தாவுக்குள் கிடைக்கின்றன. இலங்கையிலிருந்து சேருவதற்கு வெளிநாட்டுக் கொடுப்பனவை ஏற்கும் வங்கி அட்டை தேவைப்படும். டேட்டாவை எண்ணிச் செலவழிப்பவர்கள், வீட்டு வைஃபை கிடைக்கும் நேரத்தில் அத்தியாயங்களைக் கைபேசிச் செயலியில் குறைந்த தரத்தில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் ‘சுழல்’ முதற் பருவத்தின் இரவுத் திருவிழாக் காட்சிகள் சிறிய திரையில் வெறும் இருட்டாகவே தெரியும் என்பதால், அதை மட்டுமாவது தொலைக்காட்சியில் பார்ப்பது நல்லது. இரண்டு பருவங்களிலும் சிறுவர் மீதான கொடுமை கதையின் மையத்திலேயே இருப்பதால், திருவிழாக் கதைதானே என்று எண்ணிப் பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திக்கொள்ள வேண்டாம். இரண்டாம் பருவம் முதலாவதன் முடிவை ஆரம்பத்திலேயே போட்டு உடைத்துவிடுவதால் வரிசை மாற்றியும் பார்க்கக் கூடாது. ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு என் தெரிவு முதற் பருவமே, அதற்கடுத்து ‘வதந்தி’.