பக்கத்து வீட்டுக்குக் கேட்காத ஏர் ரைஃபிள்: வைராக் எச்.டபிள்யூ. 30 எஸ்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் எங்கள் வீட்டுக் கொல்லை 7 மீட்டர் அகலம், 17 மீட்டர் நீளம். இடப்பக்கம் தனியாக இருக்கும் ஒரு பாட்டி. வலப்பக்கம் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பகலெல்லாம் தூங்கும் ஒரு பஸ் டிரைவர். நடுவில் நான், கையில் ஏர் ரைஃபிள். சத்தம்தான் என் முதல் கவலை என்பதைச் சொல்லவே வேண்டாம்.

ஆசை திருவல்லிக்கேணி நாட்களிலேயே வந்தது. மெரினாவில் பலூன் சுடும் பலகை முன்னால் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்பேன். அந்தத் துப்பாக்கிகளில் குறிமுள் எப்போதும் கோணலாகத்தான் இருக்கும். நடு பலூனைப் பார்த்துச் சுட்டால் இடப்பக்கத்து பலூன் உடையும். விவரம் தெரிந்த பையன்கள் வலப்பக்கம் தள்ளிக் குறி வைப்பார்கள். 47 வயதில் நேரான குழல் உள்ள ஒன்றை வாங்க வேண்டும் என்று ஆரம்பித்தபோது, "இந்த வயசுல இது எதுக்குங்க?" என்று மனைவி ஒரே ஒரு முறை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 12 அடி-பவுண்டு, அதாவது 16 ஜூலுக்குச் சற்று மேல் வரை சக்தியுள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். 18 வயது ஆகியிருக்க வேண்டும். கடைக்காரர் நேருக்கு நேர்தான் கொடுக்க வேண்டும். தபாலில் வீட்டு வாசலுக்கு வராது. ஸ்காட்லாந்தில் 2016 கடைசியிலிருந்து சான்றிதழ் கட்டாயம். கொல்லையில் சுடலாம், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் அனுமதியில்லாமல் குண்டு உங்கள் எல்லையைத் தாண்டினால் குற்றம். தாண்டிப் போய் யார் மேலும் படவில்லை என்பதெல்லாம் பேச்சே இல்லை. ஏர் ரைஃபிளுக்கு சைலன்சர் மாட்டுவது இங்கே தவறில்லை. நான் முதலில் ஏமாந்ததும் அந்த சைலன்சரில்தான்.

முதல் துப்பாக்கியின் பெயர் வேண்டாம். பெட்டியிலேயே 'ஓசையே இல்லை' என்கிற ரீதியில் எழுதியிருந்தது. குழல் முனையில் தடிமனாக ஒரு பிளாஸ்டிக் உருளை. உள்ளே ஸ்பிரிங்குக்குப் பதிலாக கேஸ் சிலிண்டர். சக்தி, சட்டம் அனுமதிக்கும் அளவின் விளிம்பு வரை. ஒரு சனிக்கிழமை காலை முதல் குண்டைச் சுட்டேன். வெடிச் சத்தம், நீலப் புகை, வடைச்சட்டி எண்ணெய் தீய்ந்த வாடை. டிரைவர் வீட்டு மாடித் திரைச்சீலை அசைந்தது. புதுத் துப்பாக்கிக்குள் இருக்கும் எண்ணெய் அழுத்தத்தில் பற்றிக்கொள்வதால் வரும் சத்தம் அது. கொஞ்சம் சுட்டால் போய்விடும் என்றார்கள். புகை போனது. சத்தம் போகவில்லை. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். மூன்று மாதம் கழித்துப் பாதி விலைக்கு விற்றேன்.

ஏன் போகவில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. ஸ்பிரிங்கோ கேஸ் சிலிண்டரோ உள்ள துப்பாக்கியில் பெரும்பாலான சத்தம் குழல் வாயிலிருந்து வருவதில்லை. உள்ளே ஒரு கனமான பிஸ்டன் சீறிக்கொண்டு முன்னால் போய் முட்டி நிற்கிறது; சத்தம் அந்த முட்டலில் இருக்கிறது. குழல் நுனியில் என்னத்தை மாட்டினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. சமையலறையில் உரலில் இடிக்கிறார்கள் என்று வாசல் கதவைச் சாத்துகிற கதைதான். முன்பே காற்றை அடைத்து வைத்துச் சுடும் ரகத்தில், பிசிபி என்பார்கள், நிலைமை நேர்மாறு. அதில் சத்தமெல்லாம் குழல் வாயில் வெடித்து வெளியேறும் காற்று. அதற்கு சைலன்சர் போட்டால் மந்திரம் மாதிரி வேலை செய்கிறது.

இன்னொரு விஷயம். குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டினால், நொடிக்கு 343 மீட்டர் அளவில், காற்றிலேயே சாட்டையடி போல ஒரு சத்தம் வரும். அமெரிக்க விளம்பரங்களில் வேகத்தைப் பெரிய எழுத்தில் போடுகிறார்களே, அதற்கு ஆசைப்பட்டால் இதையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். இங்கே 12 அடி-பவுண்டில் 8.44 கிரெயின், அதாவது அரை கிராம் சொச்சம் எடையுள்ள ஈயக் குண்டு நொடிக்கு 240 மீட்டர் பக்கம்தான் போகும், ஆகவே அந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது முறை புத்தியோடு ஊருக்கு வெளியே ஒரு சின்னக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பட்ஜெட் கேட்கவில்லை. "கொல்லை எவ்வளவு நீளம்?" என்று கேட்டார். 17 மீட்டர் என்றதும் பின்னால் இருந்த சுடுதளத்துக்குக் கூட்டிப்போய் மூன்றைக் கையில் கொடுத்தார்.

முதலாவது வைராக் எச்.டபிள்யூ. 100, சைலன்சர் போட்ட பிசிபி. விசையை அழுத்தினேன், பேனா மூடியைத் திறந்த மாதிரி ஒரு 'டிக்', அடுத்து அட்டையில் 'டப்'. மூன்றில் இதுதான் அமைதியானது, சந்தேகமே இல்லை. ஆனால் ஆயிரம் பவுண்டுக்கு மேல் ஆகிறது. போதாததற்குக் காற்று நிரப்ப டைவிங் சிலிண்டரோ கைப்பம்போ வேண்டும். 200 பார் அழுத்தம் வரை கைப்பம்பை அடித்துப் பார்த்தேன். குழாயடியில் தண்ணீர் வராத அடிபம்பை அடித்து வளர்ந்தவன் நான், எனக்கே தோள் விட்டுப்போனது.

இரண்டாவது ஏர் ஆர்ம்ஸ் டி.எக்ஸ். 200. இதே நாட்டில், ஈஸ்ட் சஸ்ஸெக்ஸில் செய்வது. ஸ்பிரிங் ரகம்தான், ஆனால் வேலைப்பாடு அத்தனை நெருக்கம். முழுச் சக்தியிலும் தலையணைக்கு அடியில் கதவு சாத்தின மாதிரி ஒரு மந்தமான ஒலி. நாள் முழுக்க வைத்துக் கொஞ்சலாம், தூக்க முடிந்தால். குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் இல்லாமலே 4 கிலோவுக்கு மேல்.

மூன்றாவதுதான் எச்.டபிள்யூ. 30 எஸ். ஜெர்மனியில் மெல்ரிச்ஸ்டாட் என்ற சின்ன ஊரில் வைராக் கம்பெனி செய்வது. பீச் மரக்கட்டை, இரண்டரை கிலோ எடை. குழலை நடுவில் மடக்கி ஸ்பிரிங்கை ஏற்ற வேண்டும். ஒரு கையால், முகம் சுளிக்காமல் மடக்கலாம். சக்தி ஏறத்தாழ 7 அடி-பவுண்டு, சட்ட அளவில் பாதியை ஒட்டி. அங்கேதான் சூட்சுமம். பிஸ்டன் சின்னது, ஸ்பிரிங் சின்னது, முட்டலும் சின்னது. ஆபீஸில் யாரோ கனமான ஸ்டேப்ளரை அடித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். சைலன்சர் கிடையாது, தேவையும் இல்லை. காகிதத்தைத் துளைக்க எதற்கு 12?

விசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெயரில் இருக்கும் 'எஸ்' என்றால் ரெக்கார்டு என்கிற டிரிகர் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் விரல் இழுபடாமல் வழுக்கிப் போய் ஓரிடத்தில் நிற்கும். அந்த இடத்தில் மூச்சை நிறுத்திக் குறியைச் சரிபார்த்துக்கொண்டு, இன்னும் ஒரு இம்மி. போய்விட்டது. மெரினாத் துப்பாக்கியில் விசையை இழுப்பது கிணற்றில் வாளி இழுப்பது போல இருக்கும். இது அதற்கு ஏழேழு ஜென்மத்துக்கும் உறவில்லை. ஸ்கோப் வாங்கவில்லை. கூடவே வரும் இரும்புக் குறிகளே போதும். முன்குறியில் மாற்றிப்போட சில்லுகள் தருகிறார்கள், நான் வட்டம் உள்ளதைப் போட்டிருக்கிறேன்.

ஒரு குணம் தெரிந்திருக்க வேண்டும், எல்லா ஸ்பிரிங் துப்பாக்கிக்கும் இது பொது. இறுக்கிப் பிடித்தால் குண்டு சிதறும். முன்னால் தாங்கும் கையில் சும்மா கிடக்க விட வேண்டும், அதுவாகத் துள்ளட்டும். எனக்கு இது பழக ஆறு வாரம் ஆயிற்று. இப்போது உட்கார்ந்தபடி 12 மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு பென்னி நாணயத்துக்குள் விழுகின்றன. ஐந்துக்கு மூன்று தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பாட்டியிடம் போய்ச் சொன்னேன். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. வேலிக்கு மேல் யாரோ துப்பாக்கிக் கட்டையைப் பார்த்துவிட்டு போலீஸைக் கூப்பிட்டால் வருகிறவர்கள் சிரித்துக்கொண்டு வர மாட்டார்கள். பாட்டியை அவர் துணி உலர்த்தும் இடத்தில் நிற்கச் சொல்லிவிட்டுப் பத்து குண்டு சுட்டேன். போன் ஆப்பில் டெசிபல் பார்ப்பது வீண்; இப்படிச் சடக்கென்று வந்து போகும் ஒலியை போன் மைக் சரியாகப் பிடிக்காது. சுடுகிறவன் காதையும் நம்பாதீர்கள். கன்னம் கட்டையில் ஒட்டியிருப்பதால் ஸ்பிரிங்கின் அதிர்வு எலும்பு வழியாக ஏறி, இருப்பதைவிடப் பெரிதாகக் கேட்கும்.

"துப்பாக்கி கேட்கவே இல்லை. ஆனால் அந்த டங் டங்கை என்ன செய்யப்போகிறாய்?" என்றார் பாட்டி.

டங் டங், நான் வாங்கி வைத்திருந்த தகரக் குறிப்பெட்டி. அட்டையைச் செருகினால் பின்னால் கூம்பு மாதிரித் தகடு குண்டைப் பிடித்துக்கொள்ளும். கடைகளில் எல்லோரும் விற்கும் சாதனம்தான். ஒவ்வொரு குண்டுக்கும் கோயில் மணி. அமைதியான துப்பாக்கிக்காகக் கடை கடையாக அலைந்துவிட்டு, சத்தத்தைக் கொல்லையின் அந்தக் கோடியில் நானே மாட்டி வைத்திருக்கிறேன்.

இப்போது இருப்பது மரப்பெட்டி. உள்ளே மூன்று அங்குல கனத்துக்கு, எலக்ட்ரீஷியன்கள் ஒயர்க்குழாய் வாயை அடைக்கும் பசையை அப்பியிருக்கிறேன். கொழுக்கட்டை மாவுப் பதம், காய்வதில்லை. குண்டு 'ப்தக்' என்று புதைந்துவிடும், திரும்பித் தெறிக்காது. பெட்டிக்குப் பின்னால் இரண்டு நடைபாதைக் கல்லை நிறுத்தியிருக்கிறேன், அதற்கும் பின்னால் செங்கல் சுவர். மரப்பலகை வேலியை மட்டும் தடுப்பு என்று நம்ப வேண்டாம்.

கொல்லை 25 மீட்டருக்கு மேல் இருந்தாலோ, தோட்டத்தில் எலி அடிக்க வேண்டும் என்றாலோ இது வேண்டாம், சக்தி போதாது. பணமும் பொறுமையும் இருந்தால் சைலன்சரோடு பிசிபிக்குப் போங்கள். என்னைப் போலச் சின்னக் கொல்லையும் தூங்கும் டிரைவரும் உள்ளவர்களுக்கு இதுவே போதும். டிரைவர் இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "என்ன துப்பாக்கி?" என்றார்.

குண்டு டப்பாவில் 500 இருக்கும், எனக்கு ஒன்றரை மாதம் வரும். அது தீரும்போது பசையைப் பிளந்து ஈயத்தைத் தோண்டி எடுப்பேன், கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடத் தேறும். அன்றைக்கு மட்டும் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினால்தான் சமையலறைக்குள் அனுமதி.