விண்வெளி சாம்பல் நிறம்: சின்ன புரொஜெக்டரில் சயன்ஸ் ஃபிக்ஷன்

நேரே விஷயத்துக்கு வருகிறேன். கொழும்பு புறக்கோட்டையில் இப்போது கடைக்குக் கடை அடுக்கி வைத்திருக்கிறார்களே, உருளை வடிவில், ஒரு கையால் தூக்கக்கூடிய சின்ன ஆண்ட்ராய்டு புரொஜெக்டர், அதில் ஒன்றை 25,000 ரூபாவுக்குக் கொஞ்சம் குறைவாக வாங்கி, வெள்ளவத்தை வீட்டு ஹோல் சுவரில் மாதக்கணக்காகப் படம் பார்த்துவருகிறேன். பிராண்ட் பெயர் சொல்லிப் பயனில்லை, ஒரே சாமான்தான் நாலு பெட்டியில் நாலு பெயரோடு வருகிறது. நான் பார்ப்பதில் முக்கால்வாசி சயன்ஸ் ஃபிக்ஷன். அந்த ரசிகனாகச் சொல்கிறேன்: வெளிச்சமான படங்களுக்கு இது கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கிறது, இருட்டுப் படங்களைக் கொன்றுவிடுகிறது.

பெட்டியில் இருப்பதை நம்பவேண்டாம். வெளிச்சத்தின் அளவு 9000 லூமென் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, கடைக்காரரும் "தம்பி, பகல்லயும் பார்க்கலாம்" என்றார். பகலில் திரைச்சீலையை விலக்கினால் சுவர்தான் தெரியும். ஒழுங்காக அளப்பதென்றால் வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டு, அதை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஒளியையும் அளந்து சராசரி எடுத்து, படத்தின் பரப்பால் பெருக்கவேண்டும், அதுதான் அன்சி லூமென். இந்த விலைக்கு வருபவை அந்தக் கணக்கில் சில நூறைத் தொட்டாலே பெரிய காரியம். படத்தின் துல்லியம் 1080பி என்று போட்டிருப்பதும் அப்படித்தான். 1080பி ஃபைலைத் திறக்கும், உள்ளே படத்தை உருவாக்கும் பேனல் என்னவோ அதைவிடக் குறைந்த 720பி. அதில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை, சோபாவில் சாய்ந்து பார்க்கிற தூரத்துக்கு 720 காணும்.

பிரச்சினை கறுப்பில்தான். உள்ளே ஒரு எல்ஈடி விளக்கு எந்நேரமும் எரிகிறது, அதற்கு முன்னால் ஒற்றை எல்சிடி பேனல். படத்தில் கறுப்பு வரவேண்டிய இடத்தில் அந்தப் பேனல் வெளிச்சத்தை மறிக்கவேண்டும், ஆனால் முழுசாக மறிக்காது, கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும். விளைவு, விண்வெளி என்பது ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை மாதிரி ஆகிவிடுகிறது. எனக்கு மிகப் பிடித்த விண்வெளித் தொடரான தி எக்ஸ்பான்ஸைத்தான் முதலில் போட்டேன். கப்பல் வேகம் குறைக்க வேண்டுமென்றால் பின்பக்கம் முன்னால் வரத் திரும்பி எஞ்சினை எரிக்கவேண்டும், உள்ளே நிற்பவர்களுக்கு எடை வருவதே அந்த எஞ்சின் தள்ளுவதால்தான் என்று பௌதிகத்தை மதித்து எடுத்த தொடர் அது. சைஃபை சேனல் மூன்று சீசனோடு கைவிட்ட பிறகு அமேசான் எடுத்து ஆறு வரைக்கும் ஓட்டியது. அப்படிப்பட்ட தொடரின் முதல் சீசன் முடியும் கட்டத்தில் நாயகர்கள் மில்லரும் ஹோல்டனும் ஈரோஸ் என்ற சிறுகோளின் நடைபாதைகளில் தள்ளாடிக்கொண்டு போவார்களே, அங்கே என் சுவரில் தெரிந்தது இரண்டு தலையும் ஒரு நீலப் புகையும் மட்டும்தான். பிரைட்னஸைக் கூட்டினால் முகங்களில் திருநீறு அப்பியதுபோல் ஆகிறது. இன்னொரு விண்வெளித் தொடரான பாட்டில்ஸ்டார் கலாக்டிகாவின் கட்டுப்பாட்டு அறைக்கும் இதே கதிதான்.

அப்புறம் சும்மா ஒரு சோதனைக்கு 1966 இல் தொடங்கிய பழைய ஸ்டார் ட்ரெக்கைப் போட்டேன். அட, இதற்காகவே செய்த மெஷின்! அந்தத் தொடரை ஒளிபரப்பிய என்பிசியின் சொந்தக்காரர் ஆர்சிஏ, அது கலர் டிவி செய்து விற்கிற கம்பனி. நிறத்தைக் காட்டினால்தானே டிவி விற்கும்? ஆகவே சட்டை எல்லாம் சிவப்பு, நீலம், மஞ்சள், சாம்பல் நிறச் சுவருக்குக்கூட ஊதாவும் பச்சையும் விளக்கடித்திருப்பார்கள். (கேப்டன் கேர்க்கின் மஞ்சள் சட்டை உண்மையில் பச்சை, பிலிமில்தான் அப்படி விழுந்தது.) கேர்க் பல்லி மனிதன் கோர்னோடு பாறைக்காட்டில் மோதும் எபிசோட் கலிபோர்னியாவின் வாஸ்குவஸ் ராக்ஸில் உச்சி வெயிலில் எடுத்தது. சுவர் அகலத்துக்கு அது வந்து நிற்கையில் ரப்பர் உடுப்பின் மடிப்புகள் கழுத்தடியில் கசங்குவது வரை தெரிகிறது, அந்தக் கோர்ன் பாறாங்கல்லை எவ்வளவு ஆறுதலாகத் தூக்கி எறிகிறது என்பதைப் பெரிதாகப் பார்த்தால் சிரிப்பை அடக்கமுடியாது. மொத்தம் 79 எபிசோட். மூன்றாவது சீசன் கதையில் சோடை, ஆனாலும் நிறத்துக்காக உட்கார்ந்து பார்த்தேன்.

இருட்டாக எடுத்தால்தான் கனமான படைப்பு என்று இப்போது எடுப்பவர்கள் நினைக்கிறார்கள் போல, எனக்கு அதில் உடன்பாடில்லை. கடந்த சில வருடங்களில் வந்த சயன்ஸ் ஃபிக்ஷனில் மனதைக் கலங்கடித்த இடங்களை எண்ணிப்பாருங்கள், பாதி வெள்ளை வெளேரென்று இருக்கும். செவரன்ஸ் தொடரின் முடிவில்லாத அலுவலக நடைபாதைகள். ஸ்டார் வார்ஸ் தொடரான அண்டோரின் சிறைச்சாலை, தரையே கரண்ட் அடிக்கிற தண்டனை, ஒரு நிழல்கூட இல்லாமல் பளிச்சென்று இருப்பதுதான் அங்கே பயம். டூன் படத்தின் இரண்டாம் பாகத்தில் வில்லன் குடும்பமான ஹார்கோனன்களின் மைதானச் சண்டையை இன்ஃப்ராரெட் கேமராவில் எடுத்து எலும்பு நிறத்தில் காட்டினார்களே, அதுவும். இவை மூன்றும் இந்த மலிவுச் சாமானில் அபாரம். 2001: எ ஸ்பேஸ் ஒடிசி மட்டும் இரண்டும்கெட்டான், கப்பலின் உட்புறம் அற்புதம், வெளியே வந்தால் சாம்பல். திரைக்கதையில் பங்கெடுத்த ஆர்தர் சி. கிளார்க் பல வருடம் குடியிருந்தது இங்கே பார்ன்ஸ் பிளேஸில், அடக்கம் செய்ததும் பொரளை கனத்தை மயானத்தில். நம்மூர்க்காரர் படத்துக்கே இந்த நிலைமை.

தமிழ்ப்படம் என்றால் கவலையே வேண்டாம், நம்மவர்கள் இருட்டில் எடுப்பது குறைவு. எந்திரனில் பிரேசில் வெண்மணல் மேட்டில் எடுத்த 'காதல் அணுக்கள்' பாட்டுக்கு அம்மா சமையலை விட்டு வந்து நின்றார். கதையாகப் பார்த்தால் 'இன்று நேற்று நாளை'தான் எனக்கு மேல், காசைக் கொட்டாமல் டைம் மெஷினை வைத்து ஒழுங்காக முடிச்சுப் போட்டு அவிழ்த்த படம்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் தண்டம். புளூடூத்தில் வேறு ஸ்பீக்கர் போட்டால் வாய் முன்னால் போகும், சத்தம் பின்னால் வரும், ஆகவே வயர்தான் சரி. விசிறிச் சத்தம் எந்நேரமும் உண்டு, கரையோரப் பாதையில் ரயில் போகும்போது மட்டும் கேட்காது. ஸ்ட்ரீமிங் ஆப்கள் உள்ளேயே இருக்கின்றன, ஆனால் அந்தக் கம்பனிகளின் அங்கீகாரம் இல்லாத ஆண்ட்ராய்டு என்பதால் படம் மங்கலாகத்தான் வரும், எச்டிஎம்ஐயில் ஒரு டிவி ஸ்டிக் குத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று தூசு. லென்ஸுக்கும் பேனலுக்கும் இடையில் மூடி அடைத்திருக்க மாட்டார்கள், எனக்கு இப்போது வலது மூலையில் ஊதாப் புள்ளி ஒன்று விழுந்துவிட்டது. செவரன்ஸ் பார்க்கும்போதெல்லாம் அது சுவரில் பொட்டு வைத்தாற்போல் நிற்கிறது. தூசு வொரண்டியில் சேராதாம்.

எக்ஸ்பான்ஸ் வகையறாதான் உங்கள் உயிர் என்றால் இந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து டிவி வாங்குங்கள். பழைய ஸ்டார் ட்ரெக், ரஜினி, சின்னப்பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் என்றால் தாராளமாக வாங்கலாம். வாங்கப் போகும்போது உங்களுக்குப் பிடித்த காட்சிகளில் ஆகக் கறுப்பான ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோய், கடை லைட்டை நிறுத்தச் சொல்லிப் போட்டுப் பாருங்கள், அவர்கள் வைத்திருக்கும் டெமோ வீடியோ முழுக்கப் பூவும் கிளியும்தான்.